கருவி சொல்வதை எப்போது கேட்பது, மனம் சொல்வதை எப்போது கேட்பது

கன்னியாகுமரி மாவட்டத்தில் இன்று பல முடிவுகள் கைபேசியைப் பார்த்த பிறகே எடுக்கப்படுகின்றன. குளச்சலில் கடலுக்குப் புறப்படுகிறவர் காற்றின் வேகத்தைச் செயலியில் பார்க்கிறார். திருவட்டாறு பக்கத்தில் தன் விளையில் தென்னை ஓலை மஞ்சளாவதைக் கண்டவர் படம் எடுத்து நோயின் பெயரைக் கேட்கிறார். நாகர்கோவிலில் ஆய்வக அறிக்கையை வாங்கியவர் மருத்துவரைப் பார்ப்பதற்கு முன்பே அதை உரையாடல் செயலியிடம் காட்டி விளக்கம் பெறுகிறார். இவர்கள் எல்லோரிடமும் கருவி தரும் விடையோடு, பல்லாண்டுப் பழக்கத்தால் வந்த ஓர் உள்ளுணர்வும் இருக்கிறது. இரண்டும் ஒத்துப்போனால் சிக்கல் இல்லை. முரண்பட்டால் எதைக் கேட்பது, எந்த அளவுக்குக் கேட்பது, கடைசிச் சொல்லை யார் கையில் வைத்திருப்பது என்பதற்கு ஒரு முறை வேண்டும். மனிதன் பெரிதா, இயந்திரம் பெரிதா என்ற பொதுவான வாதம் இதற்கு உதவாது. நம்பிக்கை வேலைக்கு வேலை மாறுவதால் ஒவ்வொரு வேலைக்கும் தனியாகவே அதை அளந்துகொள்ள வேண்டும்.

உள்ளுணர்வை முதலில் சோதியுங்கள்

பலர் கருவியை மட்டும் சோதிக்கிறார்கள். தங்கள் உள்ளுணர்வைச் சோதிப்பதில்லை. தொடங்க வேண்டிய இடம் உள்ளுணர்வுதான். நிபுணர்களின் உள்ளுணர்வை ஐயத்தோடு பார்த்தவர் உளவியலாளர் டேனியல் கானமன். தீயணைப்புப் படைத் தலைவர்கள் நொடிப்பொழுதில் எடுக்கும் முடிவுகளை ஆராய்ந்து அவற்றை மதித்தவர் கேரி கிளெய்ன். எதிரெதிர் அணியில் இருந்த இவ்விருவரும் 2009இல் சேர்ந்து எழுதிய கட்டுரையில் ஒரு பொது முடிவுக்கு வந்தார்கள். உள்ளுணர்வை நம்ப இரண்டு நிபந்தனைகள் வேண்டும். அந்த வேலை நடக்கும் உலகில் ஓர் ஒழுங்கு இருக்க வேண்டும். தன் கணிப்பு சரியா தவறா என்பதை அந்த மனிதர் நீண்ட காலம், திரும்பத் திரும்ப, தெளிவாகக் கண்டு கற்றிருக்க வேண்டும். ஒருவர் எவ்வளவு உறுதியாகப் பேசுகிறார் என்பது இதில் கணக்கில் வராது.

இந்த இரண்டு நிபந்தனைகளையும் நம் மாவட்டத்து வேலைகளில் பொருத்திப் பாருங்கள். குலசேகரம் பகுதியில் விடியற்காலையில் ரப்பர் மரத்தில் பால்வெட்டும் தொழிலாளியின் கை, பட்டையில் கத்தி எவ்வளவு ஆழம் போகலாம் என்பதை அறியும். ஆழம் குறைந்தால் அன்றே பால் குறைகிறது; கூடினால் மரம் காயப்பட்டு, புதுப்பட்டை முண்டும் முடிச்சுமாக வளர்ந்து தவற்றைக் காட்டுகிறது. நாள்தோறும் விடை கிடைக்கும் இந்த வேலையில் கையின் அறிவை நம்பலாம். அதே தொழிலாளி அடுத்த ஆண்டு ரப்பர் விலை ஏறும் என்று உறுதியாகச் சொன்னால், அதற்கு அந்த மதிப்பைத் தர இயலாது. விலை உலகச் சந்தையில் நூறு காரணங்களால் ஆடுகிறது; ஒரு தோட்டத்தில் நின்று அதைக் கற்க வழியில்லை. முகத்தைப் பார்த்தே ஒருவர் கடனைத் திருப்பித் தருவாரா என்று சொல்லிவிடுவதாகக் கருதுவதும் இப்படிப்பட்டதே. கடன் மறுக்கப்பட்டவர் ஒழுங்காகக் கட்டியிருப்பாரா என்பது மறுத்தவருக்கு ஒருநாளும் தெரியப்போவதில்லை. இத்தகைய இடங்களில் எளிய புள்ளிவிவரக் கணக்குகூட அனுபவசாலியின் கணிப்புக்கு ஈடாகவோ மேலாகவோ நிற்கும் என்பதை அமெரிக்க உளவியலாளர் பால் மீல் 1954லேயே எடுத்துக்காட்டினார்.

கடல் இன்னும் நுட்பமானது. ஒரே மனிதரின் உள்ளுணர்வு அங்கே ஒரு கேள்விக்குச் சரியாகவும் மற்றொரு கேள்விக்குப் பொருந்தாமலும் போகும். மலைமுகட்டையும் தேவாலயக் கோபுரத்தையும் ஒரே கோட்டில் வைத்துப் பார்த்து, நீருக்கடியில் உள்ள பாறைப்பாரின் இடத்தைக் கண்டுபிடிக்கும் மீனவரின் அறிவு சோதிக்கப்பட்ட அறிவு. தூண்டிலைப் போட்ட சற்று நேரத்தில் இடம் சரியா தவறா என்று கடலே சொல்லிவிடும். ஐதராபாத்தில் உள்ள இந்தியத் தேசியப் பெருங்கடல் தகவல் சேவை மையமான இன்காய்ஸ், கடல்பரப்பின் வெப்பநிலையையும் நுண்பாசியின் பச்சையத்தையும் செயற்கைக்கோளால் அளந்து மீன் கிடைக்கக்கூடிய பகுதிகளை அறிவிக்கிறது. மேகம் மூடினால் செயற்கைக்கோளின் பார்வை தடைபடும். அந்த நாள்களில் பாறைப்பாரை அறிந்தவரின் சொல்லே வழிகாட்டும்.

ஆனால் கள்ளக்கடல் வரும் நாளில் அதே மீனவரின் வானமும் காற்றும் பார்க்கும் அறிவுக்கு எந்தக் குறிப்பும் கிடைப்பதில்லை. தென் இந்தியப் பெருங்கடலில் வெகு தொலைவில் எழும் புயலால் உண்டாகும் நீண்ட அலைகள், இங்கே காற்றே இல்லாத தெளிந்த நாளில் திடீரென்று கரையில் ஏறுகின்றன. 2024 மே 6 அன்று லெமூர் கடற்கரையில் பயிற்சி மருத்துவ மாணவர்கள் ஐந்து பேர் அலையில் சிக்கி இறந்தார்கள். கள்ளக்கடல் எச்சரிக்கை அப்போது நடப்பில் இருந்தது. கடல் அமைதியாகத் தெரிகிறது என்ற உணர்வு அத்தகைய நாளில் எதற்கும் சான்றாகாது. ஆயிரக்கணக்கான கிலோமீட்டருக்கு அப்பால் நடப்பதைக் கண்ணால் அறிய முடியாது. ஆகவே எச்சரிக்கை உள்ள நாளில் கணினியின் கணிப்பை எந்தத் தயக்கமும் இன்றி மேலாகக் கொள்ளுங்கள். குழந்தைகளையும் வெளியூர் விருந்தினரையும் கரையிலிருந்து விலக்கி வையுங்கள். இந்த அலைக் கணிப்பு இயற்பியல் சமன்பாடுகளால் இயங்குவது. செயற்கை நுண்ணறிவும் வானிலைக் கணிப்பில் நுழைந்துவிட்டது. 2023இல் வெளியான கூகுள் டீப்மைண்டின் கிராஃப்காஸ்ட், பத்து நாள் கணிப்பை ஒரு நிமிடத்துக்குள் தருகிறது. கணிப்பது எதுவாயினும் நம்பிக்கைக்கான கேள்வி மாறுவதில்லை.

ஒக்கிப் புயலையும் இங்கே நினைவில் கொள்ள வேண்டும். 2017 நவம்பர் 29 அன்று தாழ்வு மண்டலமாக இருந்தது, மறுநாளே புயலாகிக் குமரிக் கடலைத் தாக்கியது. தூத்தூர் வட்டாரத்து ஆழ்கடல் படகுகள் அதற்குப் பல நாள் முன்பே தொலைவுக்குச் சென்றுவிட்டிருந்தன. எச்சரிக்கை அவர்களைச் சென்று சேர வழி இல்லை. எத்தனையோ வீடுகள் ஆண்களை இழந்தன. வாழ்நாளில் ஒரு முறை வரும் நிகழ்வை அனுபவம் கற்றுத்தராது. கணிப்பும் போய்ச்சேராவிட்டால் பயன் தராது. கரைக்கு அப்பாலும் எச்சரிக்கையைச் செயற்கைக்கோள் வழியாகப் பெற உதவும் ஜெமினி கருவி 2019இல் அறிமுகமானது. அதன் வழியே பதில் அனுப்ப முடியாது, செய்தி வரும், அவ்வளவே. எந்தக் கருவியை நம்பத் தொடங்கினாலும், அதன் சொல் ஆபத்து நேரத்தில் உங்களை எந்த வழியாக வந்தடையும் என்பதை முதலில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

கருவி நம் ஊரைக் கற்றிருக்கிறதா

உள்ளுணர்வுக்கு வைத்த அதே சோதனையைக் கருவிக்கும் வையுங்கள். செயற்கை நுண்ணறிவு தனக்குக் கொடுக்கப்பட்ட தரவில் எது மிகுதியாக இருந்ததோ அதை நோக்கியே சாயும். தமிழ்நாட்டைப் பற்றி அது படித்தவற்றில் பெரும்பகுதி மற்ற மாவட்டங்களைப் பற்றியதாகவே இருக்கும். குமரி மாவட்டமோ பல வகைகளில் அவற்றிலிருந்து விலகி நிற்கிறது. ஆகவே விடை தெரிந்த கேள்விகளை நீங்களே முதலில் கேட்டுப் பாருங்கள். முட்டத்தில் மீன்பிடித் தடைக்காலம் எப்போது என்று கேளுங்கள். தமிழ்நாட்டின் கிழக்குக் கடற்கரைக்குரிய ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையான காலத்தை அது சொன்னால், அதற்கு நம் மாவட்டம் தெரியவில்லை என்று பொருள். கிழக்குக் கரையில் உள்ள சின்னமுட்டத்துக்கு அந்தக் காலம் சரி; முட்டம், குளச்சல், தேங்காய்ப்பட்டணம் உள்ளிட்ட மேற்குக் கரைக்கு ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. அடுத்து, தென்மேற்குப் பருவத்தில் உரமிடுவது பற்றிக் கேளுங்கள். தமிழ்நாட்டின் பல பகுதிகளில் மழை குறைவாக இருக்கும் அந்த மாதங்களில் இங்கே நல்ல மழை பெய்யும் என்பதை அது கணக்கில் எடுக்கிறதா என்று கவனியுங்கள்.

நிலப் பத்திரங்களில் இன்னும் கூடுதலான விழிப்பு வேண்டும். 1956 நவம்பர் 1 வரை இந்நிலம் திருவிதாங்கூர், பின்னர் திருவிதாங்கூர்-கொச்சி ஆட்சிப் பரப்பில் இருந்ததால் பழைய ஆதாரங்கள் பல மலையாளத்தில், கொல்லம் ஆண்டுக் கணக்கில் எழுதப்பட்டிருக்கும். கொல்லம் 1100 என்பது 1924 ஆகஸ்டில் தொடங்கிய ஆண்டு. அந்த எண்ணைச் செயலி கிறித்தவ ஆண்டாக எடுத்துக்கொண்டாலோ, மங்கிய கையெழுத்தில் ஓர் எல்லைச் சொல்லைத் தவறாக வாசித்தாலோ, அடுத்து அது சொல்வதெல்லாம் பிழையாகும். படித்துத் தரச் செயலியைப் பயன்படுத்தலாம். பழைய ஆதாரங்களைப் படித்துப் பழகிய பத்திர எழுத்தர் ஒருவர் பார்க்காமல் கையெழுத்திட வேண்டாம்.

தென்னை நோயில் தவறு நேர்வது வேறு வகையில். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் கேரளத்தில் முதலில் காணப்பட்ட வேர்வாடல் நோய் நம் மாவட்டத் தோப்புகளிலும் உண்டு. ஓலையின் இலைகள் துவண்டு விலா எலும்பு போல உள்ளே வளைவது அதன் முக்கிய அடையாளம். மஞ்சளாவதும் ஓரம் கருகுவதும் கூடவே வருபவை. மஞ்சள் நிறம் மட்டும் என்றால் சத்துக் குறைவாகவும் இருக்கலாம், நீர் தேங்கியதாகவும் இருக்கலாம். ஒரே ஒரு படத்தில் செயலி நிறத்தைப் பார்க்கும். கீழே மண் எப்படி இருக்கிறது, பக்கத்து மரங்கள் எப்படி இருக்கின்றன, கடந்த மழையில் தண்ணீர் எத்தனை நாள் நின்றது என்பவை படத்தில் இல்லை. எனவே வளைவு தெரியும்படி ஒன்றும், முழு மரமும் அடியும் தெரியும்படி ஒன்றுமாகப் படங்கள் எடுத்துக் கொடுங்கள். விடை எதுவானாலும் மரத்தை வெட்டுவதற்கு முன் திருப்பதிசாரத்தில் உள்ள வேளாண் அறிவியல் நிலையத்தில் காட்டுங்கள்.

தரவு ஏராளமாக இருந்தாலும் அதற்குப் பின்னால் உள்ள காரணம் மறைந்திருக்கலாம். அமெரிக்காவில் நிமோனியா நோயாளிகளின் இறப்பு அபாயத்தைக் கணிக்கப் பயிற்றுவிக்கப்பட்ட ஒரு மாதிரி, ஆஸ்துமா உள்ளவர்களுக்கு அபாயம் குறைவு என்று கற்றுக்கொண்டது. தரவில் அது உண்மையாகவே அப்படித்தான் இருந்தது. காரணம், ஆஸ்துமா உள்ளவர்களை மருத்துவர்கள் உடனே தீவிர சிகிச்சைப் பிரிவில் சேர்த்துக் காப்பாற்றியிருந்தார்கள். அந்தக் கணிப்பைக் கேட்டு அவர்களை வீட்டுக்கு அனுப்பியிருந்தால் உயிர்கள் போயிருக்கும். 2015இல் ரிச் கருவானாவும் உடன் ஆய்வாளர்களும் வெளியிட்ட கட்டுரையால் இது பரவலாக அறியப்பட்டது. செயலி சொல்வது துறையறிந்தவருக்குத் தலைகீழாகத் தோன்றினால், அந்த உறுத்தலை அடக்க வேண்டாம். “இதற்கு முன் யார் என்ன செய்ததால் இந்தக் கணக்கு இப்படி வந்தது” என்று கேளுங்கள்.

விடையைப் பார்ப்பதற்கு முன் எழுதிவைப்பது

இந்த வழிகாட்டியில் ஒன்றை மட்டும்தான் பின்பற்ற முடியும் என்றால் இதைப் பின்பற்றுங்கள். செயலியைத் திறப்பதற்கு முன் உங்கள் கணிப்பை ஒரு வரியில் எழுதுங்கள். எவ்வளவு உறுதி என்பதையும் பத்துக்கு இத்தனை என்று குறியுங்கள். கருவியின் விடையைப் பார்த்துவிட்ட மனம் அதன் பிறகு தனியாகச் சிந்திப்பதில்லை. செருமனியில் 27 கதிரியக்க மருத்துவர்களிடம் மார்பக ஊடுகதிர்ப் படங்களைக் கொடுத்து நடத்தி, 2023இல் வெளியிட்ட ஆய்வு இதை அச்சந்தரும் அளவுக்குக் காட்டியது. செயற்கை நுண்ணறிவு சரியான வகைப்பாட்டைக் காட்டியபோது, மிகுந்த அனுபவமுள்ள மருத்துவர்களும் ஏறக்குறைய 82 விழுக்காடு படங்களைச் சரியாக மதிப்பிட்டார்கள். அதே கருவி வேண்டுமென்றே தவறாகக் காட்டியபோது அது 45 விழுக்காடு அளவுக்குச் சரிந்தது. அனுபவம் குறைந்தவர்களிடம் 20 விழுக்காட்டுக்கு இறங்கியது. கண்ணுக்கு முன் படம் இருந்தும், பல்லாண்டுப் பயிற்சி இருந்தும், திரையில் தெரிந்த ஒரு எண் அவர்களை இழுத்துச் சென்றது. மருத்துவம் பயின்றவர்களுக்கே இப்படி என்றால் நம்மில் யாரும் விதிவிலக்கு என்று எண்ணிக்கொள்ள இடமில்லை.

எழுதிவைத்த வரிகளுக்கு இன்னொரு பயனும் உண்டு. ஒரு நோட்டில் நாள், உங்கள் கணிப்பு, கருவியின் கணிப்பு, கடைசியில் நடந்தது என்று நான்கு பத்திகள் போட்டுவிடுங்கள். கருவி ஒரு முறை தவறினால் மனிதர்கள் அதை உடனே ஒதுக்கிவிடுவதும், தங்கள் தவறுகளை அதைவிட எளிதாக மன்னிப்பதும் 2015இல் டீட்வோர்ஸ்ட், சிம்மன்ஸ், மேஸி ஆகியோர் செய்த ஆய்வில் தெரியவந்தது. கருவி மொத்தத்தில் மேலாக இருப்பதைக் கண்ணால் கண்ட பிறகும் அப்படியே செய்தார்கள். அதற்கு நேரெதிராக, நாலைந்து முறை சரியாக வந்ததும் சரிபார்ப்பதையே விட்டுவிடுகிறவர்களும் உண்டு. இரண்டுக்கும் மருந்து அந்த நோட்டுதான். தோவாளை மலர்ச்சந்தைக்குப் பூ கொண்டுபோகிறவர் மறுநாள் விலையை இப்படி ஒரு பருவம் முழுதும் எழுதிப் பார்த்தால், திருவிழா நாள்களில் தன் கணிப்பும் மற்ற நாள்களில் செயலியும் மேல் என்றோ, இதற்கு மாறாகவோ ஒரு வேறுபாடு தெரியவரும். அந்த வேறுபாட்டைக் கண்டுகொள்வதற்காகவே இவ்வளவு உழைப்பும்.

கேட்கும் முறை

உரையாடல் செயலிகள் அடுத்து எந்தச் சொல் வரக்கூடும் என்று கணித்து எழுதுபவை. தெரிந்ததையும் தெரியாததையும் ஒரே சீரான நடையில் சொல்லும் என்பதால் அந்த நடையை உறுதிக்கு அடையாளமாகக் கொள்ளக் கூடாது. நியூயார்க்கில் ஒரு விமான நிறுவனத்துக்கு எதிரான வழக்கில் வழக்கறிஞர்கள் சாட்ஜிபிடி உருவாக்கித் தந்த, எங்குமே இல்லாத தீர்ப்புகளை நீதிமன்றத்தில் தாக்கல் செய்து, 2023 ஜூனில் 5,000 டாலர் தண்டம் கட்ட நேர்ந்தது. அந்தத் தீர்ப்புகள் உண்மையா என்று அதே செயலியிடமே கேட்டு, ஆம் என்ற விடையையும் பெற்றிருந்தார்கள். சரிபார்ப்பது எப்போதும் வேறு இடத்தில் நடக்க வேண்டும்.

கேள்விக்குள் உங்கள் முடிவை வைத்துக் கேட்க வேண்டாம். “இது வேர்வாடல்தானே?” என்றால் ஆமாம் என்று சொல்லும் சாய்வு செயலிக்கு உண்டு. “இந்த அறிகுறிகளுக்கு என்னென்ன காரணங்கள் இருக்கலாம், ஒவ்வொன்றையும் உறுதிசெய்ய நான் விளையில் எதைப் பார்க்க வேண்டும்?” என்று கேளுங்கள். பிறகு எதிர்ப்பக்கத்திலிருந்தும் ஒரு முறை, புதிய உரையாடலில் கேளுங்கள். இரு விடைகளும் மோதினால், அந்தக் கேள்விக்கு அதனிடம் உறுதியான விடை இல்லை என்று கொள்ளலாம்.

கட்டுப்பாட்டைக் கையில் வைத்திருப்பது

கடைசியில் ஒரு மனிதர் கையெழுத்திடுகிறார் என்பதாலேயே கட்டுப்பாடு மனிதர் கையில் இருக்கிறது என்று சொல்லிவிட முடியாது. மறுப்பதற்கு நேரம், மறுப்பதற்கான அறிவு, மறுத்தால் தண்டனை வராது என்ற உறுதி ஆகிய மூன்றும் அவருக்கு இருக்க வேண்டும். 1983 செப்டம்பர் 26 அன்று சோவியத் ஒன்றியத்தின் முன்னெச்சரிக்கை நிலையத்தில் பணியில் இருந்த லெப்டினன்ட் கர்னல் ஸ்டானிஸ்லாவ் பெத்ரோவின் திரையில், அமெரிக்கா ஏவுகணைகளை ஏவிவிட்டது என்று செய்தி வந்தது. முதலில் ஒன்று, பிறகு நான்கு. அவர் அதைப் பொய் எச்சரிக்கை என்று மேலிடத்துக்கு அறிவித்தார். மேகங்களில் பட்ட சூரிய ஒளியைச் செயற்கைக்கோள் ஏவுகணையாக எடுத்துக்கொண்டது என்பது பிறகு தெரிந்தது. அவருடையது வெறும் மன உந்துதலாக இருக்கவில்லை. உண்மையான தாக்குதல் ஐந்தே ஏவுகணைகளோடு தொடங்காது, தரை ராடார்களில் ஒன்றும் தெரியவில்லை, அந்தக் கருவி புதியது என்ற காரணங்கள் அவரிடம் இருந்தன. உள்ளுணர்வின் பேரில் கருவியை மறுக்கும்போது, இப்படி இரண்டு மூன்று காரணங்களையாவது வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். சொல்ல முடிந்தால் அந்த மறுப்புக்கு அடித்தளம் இருக்கிறது.

நாகர்கோவிலிலோ மார்த்தாண்டத்திலோ ஓர் அலுவலகத்தில் கடன் விண்ணப்பங்களையும் வேலை விண்ணப்பங்களையும் செயலி வரிசைப்படுத்தித் தருகிறது என்றால், ஒரு மணி நேரத்துக்கு இத்தனை என்று ஊழியருக்கு அளவு வைக்காதீர்கள். அந்த அளவே மறுக்கும் உரிமையைப் பறித்துவிடும். எந்த நிலையில் செயலியின் முடிவை நிறுத்திவைக்கலாம், யார் நிறுத்தலாம் என்பதைச் சிக்கல் வருவதற்கு முன்பே எழுதி ஒட்டிவையுங்கள். நிராகரிக்கப்பட்டவருக்கு ஒரு மனிதரைச் சந்தித்துக் காரணம் கேட்கும் வழி இருக்கட்டும்.

திறமை துருப்பிடிக்காமல் காப்பதும் கட்டுப்பாட்டின் ஒரு பகுதியே. வழக்கமான வேலையைத் தானியங்கி எடுத்துக்கொள்ள, அரிதான நெருக்கடி மட்டும் மனிதரிடம் வரும். பழக்கம் விட்டுப்போன அந்த நேரத்தில்தான் அவரிடம் மிகுந்த திறமை எதிர்பார்க்கப்படும் என்பதை 1983லேயே உளவியலாளர் லிசான் பெயின்பிரிட்ஜ் எடுத்துச் சொன்னார். ஜிபிஎஸ் வந்த பிறகு கடலுக்கு இறங்கிய இளைஞர்களைக் கரையோரப் பயணங்களில் அவ்வப்போது திரையை அணைத்துவிட்டு மலையும் கோபுரமும் பார்த்து வழி சொல்லப் பழக்குங்கள். மூத்தவர்கள் கூட இருக்கும்போதே இதைச் செய்ய வேண்டும்.

இரண்டும் மோதி, நேரமும் இல்லாதபோது

சரிபார்க்க அவகாசம் இல்லாத நிலையில் எது சரி என்று வாதிடுவதை நிறுத்திவிட்டு, எந்தத் தவற்றைத் திருத்திக்கொள்ள முடியும் என்று மட்டும் பாருங்கள். எச்சரிக்கையை நம்பிப் படகு கரையில் நின்று, கடல் அமைதியாகவே இருந்துவிட்டால் ஒரு நாள் பாடு போகும். அந்த இழப்பு ஏழை வீட்டில் சிறியதில்லை என்றாலும் அடுத்த நாள்களில் ஈடுகட்டலாம். எச்சரிக்கையை மறுத்துப் போய், அது உண்மையாகிவிட்டால் ஈடு கிடையாது. இந்த விதி எப்போதும் கருவியின் பக்கமே சாய்வதில்லை. வானிலைச் செயலி பச்சை காட்டும்போது, அனுபவமுள்ள மீனவர் நீரோட்டம் சரியில்லை, இன்று வேண்டாம் என்றால் அவர் சொல்லைக் கேளுங்கள். செயலி ஆய்வக அறிக்கையைப் பார்த்து அஞ்ச ஒன்றுமில்லை என்று சொல்ல, நோயாளியின் தாய்க்குப் பிள்ளையின் மூச்சு சரியாகப் படவில்லை என்றால் அப்போதே மருத்துவமனைக்குப் புறப்படுங்கள். நிறுத்து என்று இரண்டில் எது சொன்னாலும் நிறுத்துவது, போ என்பதற்கு இரண்டும் ஒத்துவருவது என்று வைத்துக்கொண்டால் உயிர் சார்ந்த முடிவுகளில் பெரும்பாலும் போதும். கடலில் ஏற்கெனவே சிக்கிவிட்டவர்களுக்காக இந்தியக் கடலோரக் காவல்படையின் 1554 என்ற எண், செயலிக்கு வெளியே, படகில் எல்லோரும் பார்க்கும் இடத்தில் எழுதப்பட்டிருக்க வேண்டும். கரையில் இருக்கும் வீட்டாரிடமும் அது இருக்க வேண்டும்.